தேசப்பற்றும் ஒரு கணக்குப்பிள்ளையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கட்டுரை கொஞ்சம் நீளம். கையில் டீ இருந்தால் நல்லது.

சென்ற ஆகஸ்ட் 15 அன்று எங்கள் கல்லூரியில் பேச்சுப் போட்டி. ஐந்து நிமிடம். பி.காம். படிக்கிறவனைப் பேசச் சொன்னால் பொருளாதாரம்தான் பேசுவான், நானும் அதைத்தான் எழுதினேன். முதல் பாதியில் பெருமை. 2022இல் மொத்த உற்பத்தியில் பிரிட்டனை முந்தி ஐந்தாவது இடத்துக்கு வந்தது, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் போய் இறங்கியது, எங்கள் ஹாஸ்டல் எதிரே இளநீர் வண்டியில் தொங்கும் க்யூஆர் அட்டை, எல்லாம். இரண்டாம் பாதியில் ஒரே ஒரு பத்தி வேறு மாதிரி. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று எழுதியிருந்தேன்.

பேச்சைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பில் இருந்த ஆசிரியர் அந்தப் பத்தியில் விரலை வைத்தார். "தம்பி, இன்னைக்கு நாள்ல எதுக்குப்பா இந்த வயித்தெரிச்சல் கணக்கு? கொடியேத்துற அன்னிக்கு நல்லதா நாலு வார்த்தை பேசுவோமே" என்றார். அதட்டிச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஏனென்றால் அடித்தது என் பேனாதான். அந்த இடத்தில் "நிலவைத் தொட்ட நாம்" என்று இரண்டு வரி சேர்த்தேன். நல்ல கைதட்டல். முதல் பரிசு ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதைத்தான் தினமும் மெஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். மூடியில் பரிசு விவரம் பொறித்திருக்கிறது. ஒவ்வொரு வேளையும் சாப்பிடும்போது கண்ணில் படுகிறது.

நாட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவன் ஒரு கட்சி, குறை சொல்கிறவன் எதிர்க்கட்சி என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். வகுப்பிலும் அப்படித்தான், தொலைக்காட்சியிலும் அப்படித்தான். இந்தப் பிரிவினை எப்போது வந்தது என்று பார்க்கலாம் என்றுதான் நூலகத்தில் உட்கார்ந்தேன். தேடப்போனது ஒன்று, கிடைத்தது எங்கள் ஊர்ப் பாதையிலேயே இருந்த ஒருவர். அவரிடம் வருவதற்கு முன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஒருவர் தாதாபாய் நௌரோஜி. பி.காம்.காரர்களுக்கு அவரை இரண்டு மார்க் கேள்வியாகத் தெரியும்: "செல்வச் சுரண்டல் கோட்பாட்டைக் கூறியவர் யார்?" நானும் எழுதி இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன், அதற்கு மேல் தெரியாது. மனிதர் பம்பாயில் கணிதப் பேராசிரியர், பிறகு லண்டனில் பருத்தி வியாபாரி, 1892இல் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர். இந்தியாவின் மொத்த விளைச்சலையும் உற்பத்தியையும் கிடைத்த அரசு அறிக்கைகளிலிருந்து கூட்டி, தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தார். 1867-68 கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் வந்தது. உயிர் வாழ மட்டும் ஒரு மனிதனுக்கு எவ்வளவு வேண்டும் என்றும் போட்டார். மாகாணத்துக்கு ஏற்ப 16 ரூபாயிலிருந்து 35 ரூபாய் வரை வந்தது. இதோடு அவர் சேர்த்துக் காட்டிய ஒரு விஷயம்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல மாகாணங்களில் சிறைக் கைதி ஒருவனுக்கு சர்க்கார் செய்யும் செலவு, வெளியே சுதந்திரமாக நடமாடும் சராசரி மனிதனின் வருமானத்தைவிட அதிகம்!

சர்க்கார் சும்மா இருக்குமா? மறுப்புக் கணக்கு போட்டார்கள். 1882இல் 27 ரூபாய் என்றார்கள். 1901இல் கர்சன் பிரபு 30 ரூபாய் என்றார். இந்தியா வளர்கிறது என்று பெருமை பேசியது ஆண்டவர்கள், வறுமையைக் கணக்குப் போட்டது தேசபக்தர்! இன்றைக்கு நாம் நினைப்பதற்கு நேர் எதிராக அல்லவா இருக்கிறது?

இன்னொன்றும் தோன்றியது. மொத்த உற்பத்தியைச் சொன்னால் கைதட்டல் வரும், அதைத் தலைக்கு வகுத்தால் அரங்கம் அமைதியாகிவிடும். நான் பேச்சில் சொன்ன அதே 2022ஆம் ஆண்டில் நம் தலைக்கு வருமானம் சுமார் 2,400 டாலர். நாம் "முந்திய" பிரிட்டனுக்குச் சுமார் 46,000. ஐந்தாவது இடமும் பொய் இல்லை, இதுவும் பொய் இல்லை.

அடுத்தவர் கேத்தரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண்மணி. 1927இல் "மதர் இந்தியா" என்ற புத்தகம் எழுதினார். குழந்தைத் திருமணம், தீண்டாமை, சுகாதாரக் கேடு என்று தேடித் தேடிப் பட்டியல் போட்டு, இப்படிப்பட்டவர்களுக்கு சுயராஜ்யம் எதற்கு என்று கேட்கும் புத்தகம். நாடே கொதித்தது. மறுப்பு நூல்கள் வந்து குவிந்தன. காந்தி 'யங் இந்தியா'வில் ஒரு மதிப்புரை எழுதி, அதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கையோடு ஒப்பிட்டார். இந்த ஒப்பீடு பலருக்குத் தெரியும். அதே கட்டுரையில் அவர் இன்னொன்றும் சொன்னார், அதை யாரும் அதிகம் மேடையில் சொல்வதில்லை. இந்தியர்கள் அந்தப் புத்தகத்தைப் படிப்பதால் பயன் உண்டு, அவள் குற்றம் சாட்டும் விதத்தை மறுக்கலாம், அதற்கு அடியில் இருக்கும் விஷயத்தை மறுக்க முடியாது என்ற பொருளில் எழுதினார். குழந்தைத் திருமணமும் தீண்டாமையும் நம் வீட்டில் இருந்தவைதானே? 1929இல் சாரதா சட்டம் வந்ததே, இல்லாத ஒன்றுக்கா சட்டம் போட்டார்கள்?

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த அதே சமயத்தில், அதே அமெரிக்காவில், ஒரு தமிழர் மேடையேறி இந்தியாவின் வறுமையைப் பற்றிப் பேசினார். அவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர், ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தவர். கிறிஸ்தவக் குடும்பம், அப்போது பெயர் ஜோசப் கார்னீலியஸ். லண்டனுக்குப் போய்க் கணக்காளர் படிப்பு முடித்து, பம்பாயில் 'கார்னீலியஸ் அண்ட் டாவர்' என்று ஆடிட்டர் அலுவலகம் நடத்தினார். சூட், டை, நல்ல வருமானம். நம் வகுப்பில் சி.ஏ. கனவு காண்கிறவர்கள் எல்லாம் எந்த இடத்துக்குப் போக நினைக்கிறோமோ அந்த இடத்தில் நூறு வருடத்துக்கு முன்பே இருந்தவர். 1927இல் அமெரிக்கா போய் சிராகூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார், பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்தார்.

அங்கே ஒரு தேவாலயத்தில் "அப்படியானால் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது?" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அது 'நியூயார்க் டைம்ஸ்' நாளேட்டில் செய்தியாக வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், உன் ஆய்வேட்டையே இதில் எழுதேன் என்றார். செலிக்மன் பொது நிதியியலில் பெரிய பெயர். குமரப்பா அரசாங்கத்தின் வரவு செலவைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தார். ஆடிட்டர் அல்லவா, ரசீதை வைத்துத் திருடனைப் பிடிக்கத் தெரிந்தவர். ஏழைக் குடியானவனிடம் வாங்கிய வரி எங்கே போகிறது? ராணுவத்துக்கு, கடனுக்கு வட்டிக்கு, அதிகாரிகளின் சம்பளத்துக்கு, ஓய்வூதியத்துக்கு. குடியானவனுக்குத் திரும்பி வருவது கொசுறு. அவர் பெரும் தேசியவாதியாக ஆய்வில் நுழையவில்லை, கணக்கு முடிந்தபோது அப்படி வெளியே வந்தார். கார்னீலியஸ் என்ற பெயரை விட்டு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான்.

"வெளிநாட்டு மேடையில் போய் நம்ம நாட்டைத் தாழ்த்திப் பேசலாமா" என்று இப்போதெல்லாம் கேட்கிறோம். அந்த அளவுகோலை வைத்தால் முதலில் மாட்டுகிறவர் இவர்தான். மேயோ சொன்னதும் குறை, இவர் சொன்னதும் குறை. மேயோ குறையைச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிப் போனார். இவர் கப்பல் ஏறி இங்கே வந்தார்.

1929இல் ஊர் திரும்பியவர், ஆய்வேட்டை அச்சிட வழி தேடும்போது யாரோ காந்தியிடம் காட்டச் சொன்னார்கள். மே 9 அன்று சபர்மதிக்குப் போனார், பட்டு சூட்டும் கைத்தடியுமாக! சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டதால் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கிழவர் "நீங்கள்தானே குமரப்பா?" என்று கேட்டபோதுதான் யாரென்று புரிந்தது. பட்டு சூட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாராம். காந்தி அந்த ஆய்வை 'யங் இந்தியா'வில் தொடராகப் போடச் சம்மதித்தார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார், குஜராத் கிராமங்களைக் கணக்கெடுக்கும் வேலை. எனக்கு குஜராத்தி தெரியாதே என்றார் இவர். வித்யாபீடத்து மாணவர்களைக் கூட அனுப்புகிறேன் என்றார் அவர்.

அப்படி நடந்ததுதான் கேடா மாவட்டத்தின் மாத்தர் தாலுகா ஆய்வு. ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாகப் போய், என்ன விளைகிறது, என்ன செலவு, எவ்வளவு கடன், நிலவரி போக என்ன மிச்சம் என்று கேட்டு எழுதினார்கள். கேட்டு எழுதியது எல்லாம் கல்லூரி மாணவர்கள். என் வயதுப் பசங்கள்தான் இருந்திருப்பார்கள். இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாகவே இருந்தது. அரசு எடுத்து, அச்சிட்டு, இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த ஒரு புள்ளிவிவரத்தை மேடையில் வாசிக்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. அவர்கள் வெயிலில் நடந்து போய் அந்தப் புள்ளிவிவரத்தையே உண்டாக்கியிருக்கிறார்கள்.

1931இல் காங்கிரஸ் ஒரு குழு போட்டது. இந்தியாவின் தலையில் இருக்கும் பொதுக்கடனில் உண்மையிலேயே நாம் கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று பார்க்கும் குழு. குமரப்பா அதில் முக்கிய உறுப்பினர். பேரேடு எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும். 1857 கிளர்ச்சியை அடக்க ஆன செலவு இந்தியாவின் கடனில் ஏற்றப்பட்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1858இலேயே ஆட்சியை இழந்துவிட்டது, ஆனாலும் அதன் பங்குதாரர்களுக்கு 1874 வரை லாப ஈவு போனது நம் வரிப்பணத்திலிருந்து. நம்மை வாங்கிய விலையும் நம் கணக்கில் பற்று, நம்மை அடித்த செலவும் நம் கணக்கில் பற்று! எந்த ஆடிட்டர் இதில் கையெழுத்துப் போடுவான்?

வெள்ளைக்காரன் கணக்கைக் குடைவது ஒன்றும் பெரிதில்லை, நம் ஆட்கள் கணக்கில் என்ன செய்தார் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரிய பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு, நாடு முழுவதிலிருந்தும் பணம். கணக்கைப் பார்த்துக்கொள்ள குமரப்பாவை அழைத்தார்கள். தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூன்று அணா என்று விதித்தார். அப்போது காந்தி தன் ஆட்களோடு பீகார் வந்தார். காந்தியின் சாப்பாடு நமக்குத் தெரியும், பால், பழம், பேரீச்சை. மூன்று அணாவில் அடங்காது. குமரப்பா நேராக மகாதேவ் தேசாயிடம் போய், இந்தச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். காந்திக்கு விஷயம் போனது, கூப்பிட்டு விசாரித்தார். இது பூகம்பத்தில் வீடிழந்தவனுக்காக ஜனங்கள் கொடுத்த பணம் என்று விளக்கினார் இவர். காந்தி ஏற்றுக்கொண்டார்.

காந்தி மேல் குமரப்பாவுக்கு இருந்த மரியாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வாழ்க்கையையே மாற்றிக்கொண்டவர். அந்த மரியாதைக்காகப் பேரேட்டில் ஒரு வரியை மாற்ற அவர் தயாராக இல்லை. நான் ஒரு டிபன் பாக்ஸுக்காக ஒரு பத்தியையே அடித்தேன். (ஒப்பிடுவதற்குக்கூடத் தகுதி வேண்டும், தெரியும்.)

பிறகு வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம், அதற்கு இவர் செயலாளர். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், காகிதம் என்று கிராமத் தொழில் ஒவ்வொன்றையும் எடுத்து ஆராய்ந்தார்கள். நடுநடுவே சிறை. ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதியதுதான் 'நிலைத்த பொருளாதாரம்'. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே அடங்காது.

1947 வந்தது. இனி நம் ஆட்சி, இனி பெருமை மட்டும்தான் என்று பலரும் உட்கார்ந்துவிட்ட நேரம். குமரப்பா தலைமையில் நிலச் சீர்திருத்தக் குழு ஒன்றை காங்கிரஸ் அமைத்தது. உழுகிறவனுக்கும் அரசுக்கும் நடுவில் யாரும் இருக்கக்கூடாது, ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1949இல் அறிக்கை கொடுத்தார். எந்த மாநிலத்தில் எவ்வளவு நடந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. திட்டங்கள் பெரிய ஆலைகள் பக்கம் போவதைப் பார்த்து வெளிப்படையாகவே எழுதினார், பேசினார். நேற்றுவரை தன்னோடு சிறையில் இருந்தவர்கள்தான் மந்திரிகள். அவர்களைக் குறை சொல்ல அவர் தயங்கவில்லை. டெல்லியில் திட்டக்குழுக் கூட்டத்துக்கு அவர் குதிரை வண்டியில் போனதும், போலீஸ் தடுத்ததும் பற்றி ஒரு கதை உண்டு. ராணுவ லாரிகள் ஓடும் சாலை, குதிரை வண்டிக்கு ஆபத்து என்று நேரு சொன்னாராம். ஆபத்தை உண்டாக்குவது லாரி என்றால் தடுக்க வேண்டியது லாரியைத்தானே என்று கேட்டாராம் இவர். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும் என்று தெரியவில்லை!

இவரையும் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. 1951இல் ஒரு நல்லெண்ணக் குழுவோடு சீனா போய்வந்தார். அங்கே நடந்த நிலச் சீர்திருத்தத்தை மிகவும் புகழ்ந்து எழுதினார். விருந்தாளிக்குக் காட்டிய சீனாவைத்தான் அவர் பார்த்தார் என்று நினைக்கிறேன். சில வருடங்களில் அங்கே கோடிக்கணக்கில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். மாத்தர் தாலுகாவில் வீடு வீடாக ஏறிக் கேட்டவர், சீனாவில் அடுத்தவர் நீட்டிய பேரேட்டை நம்பிவிட்டார். சொந்த நாட்டின் மேல் இருக்கும் கவலையே சில சமயம் அக்கரையைப் பச்சையாகக் காட்டிவிடும் போலிருக்கிறது. நௌரோஜியும் பிரிட்டிஷாரின் நியாய உணர்வை ரொம்ப காலம் நம்பியவர்தான்.

உடம்பு தளர்ந்த கடைசிக் காலத்தில் குமரப்பா வந்து தங்கிய இடம் மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டி. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் ராஜபாளையம் பக்கம். மதுரையிலிருந்து ஊருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் பஸ் கல்லுப்பட்டியில் நிற்கும். மூன்று வருடமாக அங்கே ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றிருக்கிறேன், இப்படி ஒருவர் அங்கே இருந்தார் என்று ஒருவரும் சொன்னதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. அவர் தங்கியிருந்த அறையில் காந்தி படத்தோடு ஒரு ஏழைக் கிராமத்தானின் படமும் இருக்குமாம். பார்க்க வருகிறவர்களிடம் காந்தியைக் காட்டி, இவர் என் குரு என்பாராம். அந்தக் கிராமத்தானைக் காட்டி, இவர் என் குருவின் குரு என்பாராம்.

1960இல் சென்னையில் இறந்தார். நாள் ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதி. அந்தத் தேதியில் நம் கல்லூரிகளில் இரண்டு நிமிடம் எழுந்து நிற்கிறோம், ஒருவருக்காக மட்டும்.

பி.காம். முதல் செமஸ்டரில் ஐந்தொகை சொல்லிக் கொடுக்கும்போது ஒரு பாடம் நடத்துவார்கள். சொத்து நிறைய இருக்கிறது என்பதற்காகக் கடனை எழுதாமல் விடக்கூடாது, கடன் நிறைய இருக்கிறது என்பதற்காகச் சொத்தைக் குறைத்தும் காட்டக்கூடாது. ஒன்றை மறைத்தால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை. தேர்வில் இதைச் சரியாக எழுதினேன். ஆகஸ்ட் 15 மேடையில்தான் தப்பாக எழுதினேன்.

இந்த வருடமும் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். பேச்சை எழுதியும் முடித்துவிட்டேன். சந்திரயான் இருக்கிறது, இளநீர் வண்டி இருக்கிறது, குமரப்பா இருக்கிறார், 35.5ம் இருக்கிறது. நாலே முக்கால் நிமிடம் வருகிறது. அதே ஆசிரியர்தான் இந்த முறையும் பார்த்துக் கொடுக்கிறார். வியாழக்கிழமை கொண்டு போய்க் காட்ட வேண்டும்.